ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்பீர்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டப்லெட். வெயிலில் நடந்து களைத்துப்போயிருந்தாள். இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தோம். வீட்டில் எத்தனை பேர், கிணறு சொந்தமா பொதுவா, மலசலகூடம் எப்படி, கடைசி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே போனாள். நானும் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு, "இதெல்லாம் எங்க போகும் மகள்?" என்று கேட்டேன்.

"கொழும்புக்கு ஐயா. அங்கயிருந்து தலைமையகத்துக்கு."

"டிஎஸ் கந்தோருக்கு ஒரு பிரதி குடுப்பாங்களா?" எங்கள் பிரதேச செயலகத்தைத்தான் அப்படிச் சொல்வோம்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எனக்குத் தெரியாது ஐயா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தவன். முதலில் கல்லடிக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமம், கடைசி ஆறு வருடம் வாவிக்கு மேற்கே படுவான்கரை. எங்கள் சனம் இன்றைக்கும் என்னை விதானையார் என்றுதான் கூப்பிடும். வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நாட்டின் சொந்த ஆற்றலை எப்படி வளர்க்க வேண்டும் என்று கொழும்பில் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பேச்சு கடைசியாக வந்து முடிகிற இடத்தில், ஒரு சின்ன மேசையும் ஒரு வாங்கும் போட்டு இருந்தவன் நான். அந்த இடத்திலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கிராம உத்தியோகத்தருக்கு இருக்கிற பெரிய சொத்து அவருடைய குடும்பப் பதிவேடுதான். நாங்கள் கொப்பி என்போம். இன்ன வீட்டில் இன்னார், தொழில் என்ன, எந்தக் கிழவி தனிய இருக்கிறார், எந்தப் பிள்ளை மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறது, எந்தக் காணிக்கு உறுதி இருக்கிறது, எதற்கு வெறும் பெர்மிட், எல்லாம் அதில் இருக்கும். நாடு முழுக்க 14,000க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். எல்லாப் பிரிவிலும் இப்படி ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் கூட. கந்தோர் பூட்டு, கொப்பி வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. கடல் வந்து போன மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் தாழம்பற்றைக்குள் கண்டெடுத்தேன். உள்ளே உப்புத் தண்ணீரும் சேறும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நாங்கள் ஒதுங்கியிருந்த பாடசாலையில் என் மனைவி கொப்பியின் தையலை வெட்டி, தாள் தாளாகப் பிரித்து, வகுப்பறைக்குள் கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுகிற மாதிரிக் காயப்போட்டார். மையால் எழுதியது பாதி கரைந்துவிட்டது. பென்சிலால் குறித்து வைத்தது அப்படியே இருந்தது. காயக் காய ஒவ்வொரு பெயராகப் புதுக் கொப்பியில் எழுதினேன். 412 குடும்பம். எழுதிக்கொண்டு போகும்போது சில பெயர்களுக்கு முன்னால் சின்னப் புள்ளடி போட வேண்டி வந்தது. சில வீடுகளில் எல்லாப் பெயருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

ஜனவரி முதல் கிழமை முடியும்போது புதுக் கொப்பி தயார். யார் உயிரோடு, யார் எந்த முகாமில், எந்த வீடு தரைமட்டம், எது பாதி, அத்தனையும் அதில் இருந்தது. பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இனி வருகிறவர்கள் அதைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் பார்க்கவில்லை. அந்த ஜனவரியிலிருந்து சித்திரை வருடப் பிறப்பு வரை எங்கள் ஒரு பிரிவுக்குள் மட்டும் பதினேழு நிறுவனங்கள் வந்ததாக என் டயரியில் இருக்கிறது. அதில் பதினொன்று தங்கள் தங்கள் படிவத்தோடு வந்து கூடாரம் கூடாரமாக எண்ணின. ஒரு படிவத்தில் குடும்பம் என்றால் ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். இன்னொன்றில் ஒரு கூடாரத்தில் படுக்கிறவர்கள். மற்றொன்றில் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும். கூட இருக்கிற தாய் தகப்பன் வேறு குடும்பம். அதனால் என் 412 ஒருவருக்கு 380 ஆனது, இன்னொருவருக்கு 465 ஆனது. எதையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பட்டியலை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க யாராலும் முடியவில்லை.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த முகாமில் இருந்தார். எப்போது, எங்கே, எந்தப் பிள்ளை, என்ன வயது என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஏழாவது தடவை கேட்டபோது அவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விதானையார், நான் இனிச் சொல்லமாட்டன். உங்கட கொப்பியில இருக்குத்தானே. அதைப் பார்த்து நீங்களே சொல்லுங்கோ." மொழிபெயர்க்க வந்த பிள்ளைக்கு வாய் வரவில்லை. நான் கொப்பியைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். விபரம் எடுக்க வந்திருந்த வெளிநாட்டுப் பெண் படிவத்தை மூடி வைத்துவிட்டு அழுதார். நல்ல மனிசி. இரவு பகலாக எங்களோடு நின்று வேலை செய்தவர். அவரை அனுப்பியவர்கள் முதலில் கந்தோருக்குப் போய்க் கொப்பியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு அந்த ஏழாவது கேள்வி வந்திருக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு உதவி வேண்டாம் என்று சொல்வதற்கு நான் எழுதவில்லை. இலங்கையில் ஏறக்குறைய 35,000 பேரைக் கடல் கொண்டுபோன நேரம் அது. பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். அந்த மாதங்களில் குடிதண்ணீரும் மருந்தும் தறப்பாளும் கொண்டு வந்தவர்களை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். தண்ணீர் பவுசர் ஒரு நாள் பிந்தினால் முகாமில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வந்தது சரி. ஏற்கனவே இருந்ததை ஒருவரும் கையில் எடுக்காமல், ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கியதுதான் பிழை.

போட் விஷயத்தை எடுத்துப் பாருங்கள். சுனாமிக்கு முன்னால் எங்கள் கரையில் 23 ஃபைபர் போட். பதிவு நம்பரோடு மீனவர் சங்கத்தின் கொப்பியில் இருந்தது. 2005 முடியும்போது கரையில் 41 நின்றது. இயந்திரம் இல்லாமல் வந்தவை சில, வலை இல்லாமல் வந்தவை சில. வாழ்நாளில் கடலுக்குப் போகாத ஒரு தையல்காரருக்கும் ஒன்று கிடைத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கரைவலை இழுக்கிற கூலிக்காரருக்கு ஒன்றுமே வரவில்லை. போட் சொந்தக்காரரா என்று கேட்டார்கள், இல்லை என்றார்கள், அடுத்தவரிடம் போய்விட்டார்கள். எந்தப் படிவத்திலும் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. சங்கத் தலைவர் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கூட்டத்துக்கு என்னோடு வந்தார். ஒரு கூட்டத்திலும் அதைத் திறக்க வாய்ப்பு வரவில்லை. சின்னப் போட்டுகள் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டன என்று பிறகு நாடு முழுவதும் எழுதினார்கள். அதை எங்கள் சங்கத் தலைவர் 2005 மாசியிலேயே சொல்லிவிட்டார்.

வீடும் அப்படித்தான். முழுதாக அழிந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 ரூபா, பகுதி சேதத்துக்கு 100,000. அதற்கு மேல் சில நிறுவனங்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தன, சில கொடுக்கவில்லை. ஒரே ஒழுங்கையில் இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. கடலிலிருந்து கட்டக்கூடாத தூரம் தெற்கில் 100 மீற்றர், எங்களுக்கு 200 மீற்றர். ஏன் என்று சனம் என்னிடம்தான் வந்து கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் விட எனக்கு மனதில் நிற்கிறது ஒரு மேசை. எங்கள் பிரதேச செயலகத்தின் திட்டமிடல் கிளையில் ஜன்னலோரம் இருந்த மேசை. அதில் ஒரு பிள்ளை வேலை செய்தார். கெட்டிக்காரி. கிராம உத்தியோகத்தர்கள் கையால் எழுதிக் கொடுக்கிற பட்டியலையெல்லாம் ஒரே ஒரு கொம்பியூட்டரில் ஏற்றி, ஒரு குடும்பம் இரண்டு பட்டியலில் வந்தால் உடனே பிடித்துவிடுவார். "ஜிஎஸ் ஐயா, இந்த அடையாள அட்டை நம்பர் ரெண்டு தரம் வந்திருக்கு" என்று எனக்கே எத்தனையோ தடவை திருத்தித் தந்தவர். 2005 வைகாசியில் ஒரு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. எங்கள் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. வீட்டில் தகப்பன் இல்லை, இரண்டு தங்கச்சிமார். யார் போகாமல் இருப்பார்கள்? அவருக்குப் பிறகு ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் போனார், பிறகு இரண்டு சாரதிகள். அந்த மேசையில் அடுத்த ஒன்பது மாதம் ஒருவரும் இருக்கவில்லை. பட்டியல்கள் குவிந்தன. குவிந்ததைப் பார்த்த நிறுவனங்கள், கந்தோரில் வேலை நடப்பதில்லை, நாங்களே எண்ணுவோம் என்றன. நடக்காமல் போனது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

2008இல் அந்த நிறுவனம் மூட்டை கட்டியது. அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லாமல் போனது. விட்டுப்போன அரச வேலை திரும்பக் கிடைக்கவில்லை. போகும்போது அவர்கள் எங்கள் கந்தோருக்கு இரண்டு கொம்பியூட்டரும், வீட்டுத் திட்ட விபரம் முழுவதும் ஏற்றிய ஒரு மென்பொருளும் அன்பளிப்புச் செய்தார்கள். சின்ன வைபவம் வைத்து, வெற்றிலைத் தட்டம் வைத்து ஏற்றுக்கொண்டோம். அடுத்த கிழமை திறந்து பார்த்தால் கடவுச்சொல் கேட்டது. அதைப் போட்டவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை. நான் இடம் மாறிப் போகிற அன்றைக்கும் அந்த இரண்டு பெட்டியும் துணி மூடியபடி அதே ஜன்னலோரம் இருந்தன.

இயலளவு விருத்தி, அதாவது ஆற்றலை வளர்ப்பது, என்ற சொல் அந்த வருடங்களில் எங்கள் காதில் விழாத நாள் இல்லை. நானே ஒன்பது பயிற்சிப் பட்டறைக்குப் போயிருக்கிறேன். சொல்லித் தந்தவர்கள் நன்றாகத்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஒரு கந்தோரின் ஆற்றல் என்பது அந்த ஜன்னலோர மேசையில் ஆள் இருப்பது. அந்த ஆளுக்கு வேலை தெரிந்திருப்பது. அவர் போனால் அடுத்தவருக்கு அது தெரிந்திருப்பது. மேசையிலிருந்து ஆளை எடுத்துவிட்டு மிச்சம் இருக்கிறவர்களுக்குப் பயிற்சி வைத்தால் என்ன வரும்?

மேலே கொழும்பில் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். சுனாமி முடிந்த கையோடு விசேட செயலணிகள் போட்டார்கள், பிறகு அவற்றை மாற்றி மீள்கட்டுமானத்துக்கு ராடா என்ற அதிகார சபை வந்தது. வடக்கு கிழக்குக்கு வரும் உதவியை அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து கையாள 2005 ஜூன் 24இல் சுனாமிப் பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தானது. மூன்று கிழமைக்குள் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்குத் தடை விதித்தது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. தலை மாறிக்கொண்டே இருந்தபோது வந்த நிறுவனங்கள் தங்கள் தங்கள் பாட்டுக்குப் போனதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அரசு பக்கத்தில் கேட்பதற்கு ஒரே குரல் இல்லை என்றால் அவர்களும் யாரைத்தான் கேட்பார்கள்?

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். எங்கள் கூடாரங்களை ஒருவர் மாறி ஒருவர் எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2005 மார்ச் 2ஆம் திகதி, உதவி கொடுக்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் பரிஸில் கூடி ஒரு பிரகடனம் செய்திருக்கின்றன. நாட்டின் திட்டத்துக்குப் பின்னால் உதவி போக வேண்டும், ஒவ்வொருவரும் தனித்தனி முறை வைக்கக் கூடாது, அரசாங்கத்துக்குப் பக்கத்தில் தனியாக நடத்துகிற திட்ட அலுவலகங்களை 2010க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும். எல்லாம் நான் கேட்க நினைத்தவைதான். 2011இல் கணக்குப் பார்த்தபோது பதின்மூன்று இலக்குகளில் உலக அளவில் ஒன்றே ஒன்றுதான் எட்டப்பட்டிருந்தது. அந்த ஒன்று, திறன் வளர்க்கும் உதவியை நாட்டின் திட்டத்தோடு இணைப்பது. எனக்கு அது முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு விளங்கியது. பயிற்சியை ஒருங்கிணைப்பது லேசு, அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. தங்கள் படிவத்தை, தங்கள் அலுவலகத்தை, தங்கள் பெயர்ப்பலகையை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம். சுனாமி உதவியை மதிப்பிட்ட சர்வதேச நிறுவனங்களின் கூட்டமைப்பே உள்ளூர் ஆற்றல் ஓரங்கட்டப்பட்டது என்றும், உள்ளூர் அமைப்புகளின் ஆட்கள் இழுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் ஜன்னலோர மேசையைப் போல எத்தனையோ கந்தோரில் நடந்திருக்கிறது.

இனி நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2005 ஐப்பசி வாக்கில் ஒரு நிறுவனம் எங்கள் பிரதேசத்துக்குப் பிந்தி வந்தது. அதன் பொறுப்பாளர் வீடு வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறக்கவில்லை. பிரதேச செயலாளரைக் கண்டு, உங்கள் கந்தோரில் எனக்கு ஒரு மேசை தருவீர்களா என்று கேட்டார். கொடுத்தோம். ஒரு உத்தியோகத்தரைத் தங்கள் செலவில் அங்கேயே இருத்தினார், ஆனால் அவர் கேட்டு நடந்தது எங்கள் உதவித் திட்டமிடல் பணிப்பாளரின் சொல்லை. சுவரில் ஒரு பெரிய வரைபடம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் எல்லா நிறுவனமும் வந்து, தாங்கள் வேலை செய்கிற இடத்தில் நிறக் குண்டூசி குத்த வேண்டும். வராதவருக்கு அடுத்த கிழமை பயனாளி பட்டியலில் பிரதேச செயலாளர் கையெழுத்து வைக்கமாட்டார். முதல் செவ்வாய் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் இருக்க வாங்கு போதவில்லை. அந்த வரைபடத்தில்தான் முதன்முதலாக எல்லோரும் கண்டது, தார் றோட்டுக்குக் கிட்டவெல்லாம் குண்டூசி நெருக்கமாக இருக்க, வாவிப்பக்கத்தில் மூன்று ஊருக்கு ஒன்றுமே இல்லை என்று. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் எழுந்து தன்னுடைய குண்டூசி இரண்டைப் பிடுங்கி அந்தப் பக்கம் குத்தினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு படுவான்கரையில் இந்திய வீட்டுத் திட்டம். 2012இல் தொடங்கிய கட்டத்தில் வடக்கு கிழக்கில் நான்கு நிறுவனங்கள் பிரித்துச் செய்தன. ஐக்கிய நாடுகளின் ஹபிடாட் ஒன்று, எங்கள் நாட்டு வீடமைப்பு அதிகார சபையும் ஒன்று. யார் செய்தாலும் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, 550 சதுர அடி. காசு தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்தது, கட்டியது அவர்களே. அந்தத் தொகை போதவில்லை என்று கடன் பட்டவர்களை எனக்குத் தெரியும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஏன் கூட என்று ஒருவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அத்திவாரம் எத்தனை அடி, கம்பி எத்தனை நூல் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் மேசனுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்தார்கள்.

கண்ணிவெடி அகற்றியதையும் பாருங்கள். உள்ளூர், வெளிநாட்டு நிறுவனங்களும் இராணுவமும் அந்த வேலையைச் செய்தார்கள். 2010இல் தேசிய நிலையம் வந்த பிறகு எந்தக் காணி யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தது அந்த நிலையம். தரம் ஒன்று, வரைபடம் ஒன்று. 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. அதில் மட்டும் ஏன் முடிந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே தவறினால் அன்றைக்கே ஒருவரின் கால் போகும். அதனால் யாரும் தன்பாட்டுக்கு ஒரு காணிக்குள் இறங்கத் துணியமாட்டார். போட்டிலும் வீட்டிலும் பட்டியலிலும் தவறினால் தெரிய ஐந்து வருடம் எடுக்கும். அதற்குள் எல்லோரும் இடம் மாறிவிடுவார்கள்.

எங்களைவிடப் பல மடங்கு அழிவைக் கண்ட இந்தோனேசியாவின் ஆச்சேயில் மீள்கட்டுமானத்துக்கு பிஆர்ஆர் என்று ஒரே ஒரு அமைப்பை 2005 ஏப்ரலில் அமைத்து, நான்கு வருடம் என்று ஆயுளும் குறித்து, சொன்னபடி 2009 ஏப்ரலில் மூடினார்கள். மூடுகிற நாள் முதலே தெரிந்தால், யாரிடம் எதைக் கையளிப்பது என்ற யோசனையும் முதல் நாளே வந்துவிடும். எங்களிடம் எந்தத் திட்டம் எப்போது முடியும் என்று கேட்டால், காசு முடியும்போது என்பதுதான் பதிலாக இருந்தது.

இப்போது அந்தக் காசும் குறைகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, 1984இலிருந்து சுமார் 90 நாடுகளில் குடும்ப நல ஆய்வுகளுக்குத் துணை நின்ற திட்டம் ஒரேயடியாக நின்றுபோனது. அதை மட்டுமே நம்பியிருந்த நாடுகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். எங்கள் நாட்டில் 2016இல் அப்படியான ஆய்வை எங்கள் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களமே செய்தது. செய்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அடுத்த தடவையும் அவர்களால் செய்ய முடியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், இதைத்தான் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கேட்கிறேன்.

கொழும்பில் இருக்கும் நிறுவனத் தலைவர்களும், எங்கள் மாவட்டச் செயலகத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துகிறவர்களும் இதை வாசித்தால், பெரிய மாற்றம் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வீடாக விபரம் எடுக்க ஆள் அனுப்ப முதல் கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையைத் திருத்த உதவுங்கள். நீங்கள் எடுத்த விபரத்தில் ஒரு பிரதியை, தனிப்பட்ட விஷயங்களுக்குப் பாதுகாப்போடு, சனத்தின் சம்மதத்தோடு, கந்தோருக்குத் திருப்பிக் கொடுங்கள். கடவுச்சொல்லோடு கொடுங்கள். எங்கள் கந்தோரில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவரை இருத்துங்கள். அரசாங்கத்துக்கும் ஒன்று. பிரதேச செயலாளர் கையெழுத்து வைக்க மறுக்கிற அந்த அதிகாரத்தைச் சுற்றுநிருபமாகவே கொடுங்கள். எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒரு நல்ல பிரதேச செயலாளரின் துணிவில் நடந்தது. அவர் இடம் மாறிய மூன்றாம் மாதம் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

டப்லெட்டோடு வந்த பிள்ளை போன மறுநாள் நான் எங்கள் பிரிவு கிராம உத்தியோகத்தரிடம் போனேன். இளம் பெண், வேலைக்கு வந்து மூன்று வருடம்தான். அந்த ஆய்வு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தன்னுடைய கொப்பியை எடுத்துக் காட்டினார். போன வெள்ளத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று தானே போய்ப் பார்த்து, ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். பென்சிலால். என் வீட்டுக்கு நேரே "யன்னல் அடிக்கட்டை" என்று இருந்தது, அது சரிதான். நான் டப்லெட்டில் இரண்டு அடி என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"ஐயா, அந்தப் பிள்ளையின்ர நம்பர் இருக்கா? என்னட்டயும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்றார்.

நம்பர் என்னிடம் இல்லை. அந்த நிறுவனத்தில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அவரிடம் போங்கள். அவர் கந்தோரில் இருக்கிற நாளும் நேரமும் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு.